பித்தளையில ஓட்டை போடறதுக்கு முன்னாடி ட்ரில்லை கொஞ்சம் மொட்டையாக்குங்க (ஊஞ்சல் புஷ் செஞ்ச அனுபவம்)

எங்க வீட்டு வளவுல ஒரு பர்மா தேக்கு ஊஞ்சல் தொங்குது. நாலு சங்கிலி, நாலு கொக்கி. அப்பத்தா மதியம் சாப்பிட்டு அதுல உக்காந்தா தெருமுனை வரைக்கும் க்ரீச் க்ரீச்னு கேக்கும். அவங்க வைத்தியம் நல்லெண்ணெய் ஊத்துறது. ரெண்டு நாள் சத்தம் இருக்காது, அப்புறம் அது பிசின் மாதிரி ஆகி தூசியெல்லாம் அப்பிக்கிட்டு முன்னைவிட மோசமா கத்தும். போன லீவுல ஏணி போட்டு ஏறிப் பாத்தா, உத்தரத்துல இருக்கற கொக்கியோட காது ஓட்டை தேஞ்சு முட்டை வடிவத்துல இருக்கு, ஒரு பக்கம் 18, இன்னொரு பக்கம் 21 மி.மீ. அதுல கோத்திருக்கற பின்னும் (குறுக்கு ஆணி) நடுவுல இடுப்பு மாதிரி தேஞ்சு போச்சு. பயந்துட்டேன், அன்னைக்கே ஊஞ்சலை இறக்கிட்டோம்.

காதை 25 மி.மீ.க்கு போர் பண்ணி (உள்ள குடைஞ்சு பெருசாக்கி) அதுக்குள்ள பித்தளை புஷ் (பின்னுக்கும் காதுக்கும் நடுவுல உக்கார்ற குழாய்) அடிச்சு 16 மி.மீ. புது பின் போடறதுன்னு முடிவு பண்ணேன். என்கிட்ட இருக்கறது ஒரு பழைய நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்), ரெண்டாம் கட்டுல ஓரமா போட்டிருக்கேன். (சக், அதாவது ராடைப் பிடிச்சு சுத்தற பாகத்தை, மாத்தும்போது கீழ ஒரு பலகை போட்டுக்கங்க. எங்க வீட்டுல ரெண்டு ஆத்தங்குடி கல்லு போயிடுச்சு, அது சூளையில சுடாத சிமெண்ட் கல்லு, சக் விழுந்தா தாங்காது.) லேத் இருந்தும் முதல் புஷ்ஷை குப்பையில போட்டேன், ஒரு ட்ரில் போச்சு, டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர்ல ட்ரில்லை பிடிக்கற பாகம்) டேப்பர்லயும் (ட்ரில் சொருகற கூம்பு ஓட்டை) கீறல். அது ஏன்னு சொல்லத்தான் இவ்வளவும் எழுதறேன்.

சக்குல ராடை பிடிக்கறது, ஃபேசிங் அடிக்கறது (முனை முகத்தை சமமா கடையறது) எல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன்.

என்ன ராடு வாங்கறது

கடையில "ஃப்ரீ கட்டிங் பித்தளை"ன்னு கேளுங்க, ஐ.எஸ். 319ன்னு சொன்னா இன்னும் தெளிவா இருக்கும். அதுல கொஞ்சம் ஈயம் கலந்திருப்பாங்க, அதனாலதான் சீவல் நீளமா சுருளாம ரவை மாதிரி கொட்டும். ஈயம் இருக்கறதால வேலை முடிச்சு கை கழுவாம காபி டம்ளரை தொடாதீங்க. நான் 32 மி.மீ. ராடு எடுத்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல கிடைக்கற பழைய பித்தளை சாமானை வாங்கி கடையலாமான்னு என் தம்பி கேட்டான். அதெல்லாம் வார்ப்பு, உள்ள என்ன கலவை, எங்க காத்துக் குமிழி இருக்குன்னே தெரியாது, அதுவும் போக நல்ல பழைய குத்துவிளக்கை லேத்துல ஏத்தறதுக்கு எனக்கு மனசு வராது.

கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) கிடைச்சா அதுவே புஷ்ஷுக்கு இன்னும் நல்லது. ஊஞ்சல் மெதுவா முன்ன பின்ன ஆடற சாமான், அதுக்கு பித்தளையே போதும்னு விட்டுட்டேன்.

டூல்

கார்பைடு டிப்பு எல்லாம் வேண்டாம்க. ஆரம்பத்துல ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் ஒண்ணு, எண்ணெய்க்கல் ஒண்ணு, இது போதும். பித்தளைக்கு டூலோட மேல் பக்கம் சமமா இருக்கணும், ஸ்டீலுக்கு வைக்கற மாதிரி பின்னாடி சரிச்சு கிரைண்ட் பண்ணக்கூடாது. சென்டர் உயரம் சரியான்னு பாக்க, ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவுல ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை லேசா நெருக்கிப் பிடிங்க. ஸ்கேல் நேரா நின்னா சரி. மேல் முனை உங்க பக்கம் சாஞ்சா டூல் கீழ இருக்கு, எதிர்ப்பக்கம் சாஞ்சா மேல இருக்கு. அடியில முட்டுக் கொடுக்க பழைய ஹேக்ஸா பிளேடு துண்டை விட நல்ல பொருள் கிடையாது.

வேகம்: ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு பித்தளையில நிமிஷத்துக்கு 60 மீட்டர்னு எடுத்துக்கிட்டா, 60000ஐ 3.14 பெருக்கல் 32ஆல வகுங்க, கிட்டத்தட்ட 600 ஆர்.பி.எம். வரும். கூலண்ட் வேண்டாம், காய்ஞ்சே ஓடட்டும். கண்ணாடி கட்டாயம் போடுங்க, பித்தளைச் சீவல் சுடுமணல் மாதிரி மூஞ்சிலதான் அடிக்கும். கையுறையும் தோள்ல துண்டும் லேத் பக்கமே வரக்கூடாது.

என்னை கவுத்த இடம்: ட்ரில் பண்றது

சென்டர் ட்ரில் போட்டேன், 6 மி.மீ. போட்டேன், 10 போட்டேன், எல்லாம் வெண்ணெய் மாதிரி போச்சு. அடுத்து 15.5 மி.மீ. ட்ரில்லை டெயில்ஸ்டாக்ல மாட்டி வீலை லேசா சுத்தறேன், படக்குனு ஒரு சத்தம், ட்ரில் தானாவே உள்ள ஓடிப்போய் மாட்டிக்கிச்சு, டேப்பர்ல இருந்து பிடுங்கிக்கிட்டு ராடோட சேந்து சுத்துது. சுவிட்சை அணைக்கறதுக்குள்ள நெஞ்சு வாய்க்கு வந்துடுச்சு.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. சாதாரண ட்ரில்லோட முறுக்குப் பள்ளம் சுமார் 30 டிகிரி சாய்வு, அதனால வெட்டற விளிம்பு கத்தி மாதிரி முன்னாடி சாஞ்சு இருக்கும். ஸ்டீல்ல இது நல்லது. பித்தளையில அந்த விளிம்பு உலோகத்தை கவ்வி, திருகு ஆணி மரத்துல இறங்கற மாதிரி ட்ரில்லையே உள்ள இழுக்கும். டெயில்ஸ்டாக் ஸ்க்ரூவுல இருக்கற லூஸ் அளவுக்கு அது தடையில்லாம ஓடும், அதுக்குள்ள கடி ஆழமாகி மாட்டிக்கும்.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, நான் ஜாக்கிரதைன்னு நினைச்சு படிப்படியா ஓட்டையை பெருசாக்கினதுதான் நிலைமையை கெடுத்துச்சு. ட்ரில்லோட நடு மூக்கு இருக்கே, அது வெட்டாது, தேச்சு அமுக்கும், அந்த எதிர்ப்புதான் ட்ரில்லை பின்னாடி தள்ளி வச்சிருக்கும். ஏற்கனவே 10 மி.மீ. ஓட்டை இருந்தா மூக்குக்கு வேலையே இல்ல, பிடிச்சு நிறுத்த ஆளில்லாம விளிம்பு மட்டும் கவ்வும்.

தீர்வு ரெண்டு நிமிஷ வேலை. எண்ணெய்க்கல்லை ட்ரில் நீளத்துக்கு இணையா பிடிச்சு, பள்ளத்துப் பக்கம் இருக்கற வெட்டு விளிம்பை மட்டும் லேசா தேய்ங்க. அரை மி.மீ. அகலத்துக்கு ஒரு பளபள கோடு தெரியணும், நடுவுல இருந்து ஓரம் வரைக்கும், ரெண்டு விளிம்புலயும் ஒரே அளவு. அவ்வளவுதான், கூர்மையோட சாய்வு போயிடும், இனிமே அது கவ்வாது, சுரண்டும். 300 ஆர்.பி.எம்.ல மறுபடி போட்டேன், ரவை ரவையா கொட்டிக்கிட்டு அமைதியா போச்சு. டெயில்ஸ்டாக் குயிலை (வீலை சுத்தினா முன்ன பின்ன நகர்ற தண்டை) கொஞ்சம் இறுக்கி வச்சா இன்னும் நல்லது.

இப்படி மொட்டையாக்கின ட்ரில் ஸ்டீலுக்கு சரியா வராது. அதனால பித்தளைக்குன்னு தனி செட் வச்சு, தண்டுல மஞ்சள் பெயிண்ட் கோடு போட்டுக்கங்க.

வெளி அளவும் உள் அளவும்

காதை ஃபோர் ஜா சக்குல பிடிச்சு டயல் வச்சு 25.00க்கு போர் பண்ணது தனி கதை, இங்க விட்டுடறேன். காதோட வெளி விட்டம் 50, அப்போ ஓட்டையை சுத்தி 12.5 மி.மீ. இரும்பு மிஞ்சுது. ரொம்ப மெல்லிசா இருந்திருந்தா கொக்கியையே மாத்தியிருப்பேன்.

புஷ் வெளி அளவு 25.03, அப்போதான் இறுக்கமா நிக்கும். ஒரு முனையில 3 மி.மீ. காலர் விட்டேன், காது 20 மி.மீ. தடிமன், ஆக மொத்த நீளம் 23. இங்க ஒரு பொறி இருக்கு. கடைஞ்ச சூட்டோட மைக்ரோமீட்டர் வைக்காதீங்க. 25 மி.மீ. பித்தளையோட சூடு 40 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 0.02 பெருக்கும், அதாவது நீங்க சூட்டுல 25.03ன்னு பாத்தது ஆறினதும் 25.01. மே மாச காரைக்குடி வெயில்ல புஷ்ஷும் காதும் ஒரே நிழல்ல ஒரு மணி நேரம் கிடந்தப்புறம் அளங்க.

துண்டிக்கறதுக்கு பார்டிங் டூல் போடலாம்தான். நான் லேத்தை நிறுத்திட்டு ஹேக்ஸாவால அறுத்து அப்புறம் ஃபேஸ் பண்ணேன். சின்ன லேத்துல பார்டிங்னாலே அதிரும், நாலு துண்டுக்கு அந்த டென்ஷன் எதுக்கு.

உள்ள அடிக்கறதுக்கு சுத்தியல் வேண்டாம். புஷ்ஷை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சு (அப்பத்தா மீன் வாடை வருமான்னு கேட்டாங்க, எங்க வீட்டுல மீனே கிடையாது), காலையில எடுத்த உடனே எம்12 போல்ட், நட்டு, ரெண்டு தடி வாஷர் போட்டு முறுக்கி இழுத்தேன். வழவழன்னு உக்காந்துச்சு. நட்டை கழட்டறதுக்குள்ள அது விரிஞ்சு இறுகிக்கும்.

மேல ஒரு 3 மி.மீ. எண்ணெய் ஓட்டை போட்டு கிரீஸ் அமுக்கினேன், நல்லெண்ணெய்க்கு தடை. 16 மி.மீ. பின்னோட முனையில, அது கழண்டு வராம ஒரு காட்டர் பின். ஆள் உக்கார்றதுக்கு முன்னாடி நாலு சிமெண்ட் மூட்டையை ஏத்தி, 200 கிலோவோட ஒரு நாள் பூரா தொங்க விட்டோம்.

அப்டேட் 1: "நீங்க சொன்ன மாதிரியே அளவு வச்சேன், பின் உள்ளயே போகல"ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. தப்பு என் மேலதான், சொல்லாம விட்டுட்டேன். புஷ்ஷை இறுக்கி அடிச்சா உள் ஓட்டையும் கிட்டத்தட்ட அந்த இறுக்கத்து அளவுக்கு சுருங்கும். அதனால லேத்துல 15.9 வரைக்கும் மட்டும் போர் பண்ணி, காதுக்குள்ள உக்கார வச்ச பிறகு 16 மி.மீ. கை ரீமர் (ஓட்டையை துல்லியமான அளவுக்கு சுரண்டற கருவி) விடுங்க. நேர் பள்ளம் இருக்கற ரீமர்தான் நல்லது, வெளிய எடுக்கும்போதும் முன்பக்கமாவே சுத்துங்க, பின்னாடி சுத்தினா முனை மழுங்கும். பின்னை 15.90க்கு கடைஞ்சுக்கங்க, ஊஞ்சல் கோணலா ஆடும், அந்த லூஸ் வேணும்.

அப்டேட் 2: ஒரு நண்பர் ட்ரில்லோட பின்பக்கச் சரிவை தேச்சுட்டு "இப்ப வெட்டவே மாட்டேங்குது"ன்னு போட்டோ அனுப்பினார். அண்ணே, முனையில இருக்கற கூம்புப் பக்கத்தை தொடவே கூடாது. முறுக்குப் பள்ளத்துக்குள்ள விரலை வச்சுப் பாருங்க, அந்த முகம், அதுல விளிம்பை ஒட்டின அரை மி.மீ. மட்டும். உங்க ட்ரில்லை கிரைண்டர்ல திரும்ப முனை போட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க.

அப்டேட் 3: சத்தம் நின்னுடுச்சான்னு கேக்கறாங்க. கொக்கியில நின்னுடுச்சு. இப்ப பலகையோட மூலையில இருக்கற வளையம் கத்துது. அப்பத்தா எண்ணெய் கிண்ணத்தை தேடிட்டு இருக்காங்க.