சிவப்புத் தொப்பிக் கதைய திருப்பி எழுதுறது எப்படி: குட்டீஸுக்கு ஒண்ணு, பெரியவங்களுக்கு ஒண்ணு

போன லீவுல அக்கா பொண்ணு வந்திருந்தா, ஆறு வயசு. தூங்க வைக்க சிவப்புத் தொப்பிக்காரி கதை (இங்கிலீஷ்ல Little Red Riding Hood) சொன்னேன். பயந்துருவாளோன்னு நானா ஓநாய் பாட்டிய முழுங்குற இடத்த தூக்கிட்டு, பாட்டிய பீரோக்குள்ள வச்சுப் பூட்டிருச்சுன்னு மாத்திட்டேன். உடனே எழுந்து உக்காந்து "ஏன், அதுக்குப் பசிக்கலயா?"ன்னு கேக்குறா. என்கிட்ட பதில் இல்ல. மறுநாள் ராத்திரி ஒழுங்கா முழுங்க விட்டேன், வயித்த வெட்டி பாட்டிய வெளிய எடுக்குற இடத்துல கைதட்டிட்டு அப்படியே தூங்கிப் போயிட்டா. அதுக்கப்புறம் இந்தக் கதையோட பழைய வடிவங்கள தேடிப் படிச்சு, நானே ரெண்டு விதமா எழுதிப் பாத்தேன், அதுல பட்டு தெரிஞ்சுகிட்டத இங்க சொல்றேன். தேவதைக் கதைன்னு பேரு, ஆனா இதுல ஒரு தேவதை கூட வராது, அது தனி காமெடி.

முதல் வேலை, மூணு பழைய வடிவத்தையாவது படிங்க. சினிமாவ மட்டும் பாத்துட்டு எழுத உக்காராதீங்க, ஏன்னா எது பழைய கதை, எது படக்காரங்க சேத்ததுன்னு தெரியாமப் போயிரும். ஸ்னோ வொயிட் கதையையே எடுத்துக்கோங்க, ஜெர்மனில நாட்டுப்புறக் கதைகள தொகுத்த கிரிம் சகோதரர்கள் புத்தகத்துல ஏழு குள்ளர்களுக்கும் பேரே கிடையாது, நமக்கு மனப்பாடமான பேரெல்லாம் 1937ல வந்த டிஸ்னி படத்தோடது. பழைய கதை யாரு வேணா எடுத்துக்கலாம், படத்துல புதுசா சேத்தத எடுத்தா காப்பிரைட் பிரச்சனை வரும்.

சிவப்புத் தொப்பிக்கு மூணு வடிவம் இருந்தாப் போதும். 1697ல பிரான்ஸ்ல ஷார்ல் பெரோ அச்சுல போட்டது ஒண்ணு. அதுல ஓநாய் பாட்டிய தின்னுது, பொண்ணயும் தின்னுது, கதை முடிஞ்சுது. காப்பாத்த யாரும் வரல, கடைசில இனிக்க இனிக்க பேசுற ஓநாய்ங்கதான் ரொம்ப ஆபத்துன்னு பாட்டா ஒரு நீதி மட்டும் இருக்கும். ரெண்டாவது, 1812ல ஜெர்மனில கிரிம் சகோதரர்கள் போட்டது, ஓநாய் வயித்த வெட்டி காப்பாத்துற வேட்டைக்காரன் வர்றது இதுலதான். மூணாவதுதான் எனக்குப் புடிச்சது, 1885 வாக்குல பிரான்ஸ் கிராமத்துப் பக்கம் வாய்வழியா சொன்னத எழுதி வச்சது. இதுல சிவப்புத் தொப்பியே கிடையாது! ஓநாய் மனுசன் ஒருத்தன் வழில மறிச்சு ஊசிப் பாதைல போறியா குண்டூசிப் பாதைல போறியான்னு கேக்குறான். கடைசில கட்டில்ல படுத்திருக்கவன் யாருன்னு புரிஞ்சதும் அந்தப் பொண்ணு "பாட்டி, எனக்கு வெளிக்கு வருது"ங்குறா. அவன் கால்ல கயித்தக் கட்டி வெளிய அனுப்புறான், இவ அவுத்து அத ஒரு பிளம் மரத்துல கட்டிட்டு ஓடியே போயிர்றா. வேட்டைக்காரனும் வேணாம் ஒருத்தனும் வேணாம், சொந்த மூளைல தப்பிச்சா. இப்ப புதுசா எழுதுறவங்க நாயகிக்கு தைரியம் குடுத்தேன்னு பெருமையா சொல்லும்போது எனக்கு இந்தக் கயிறுதான் ஞாபகம் வரும்.

அடுத்து, எலும்பு எது சதை எதுன்னு பிரிங்க. ஒரு பேப்பர்ல கதைய அஞ்சு வரில எழுதுங்க: பொண்ணு கிளம்புறா, வழில பேச்சு குடுக்குறா, ஓநாய் முந்திப் போகுது, கட்டில்ல கேள்வி பதில், முழுங்குது. இது எலும்பு. தொப்பி, கூடை, வேட்டைக்காரன் எல்லாம் சதை, மாத்திக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு ஒரே ஒரு பெரிய மாத்தம் போதும். நான் முதல்ல ஊரையும் மாத்தி, காலத்தையும் மாத்தி, ஓநாய நல்லவனாவும் ஆக்கி எழுதுனேன், படிச்ச ஃப்ரெண்டு "இது எந்தக் கதைடா?"ன்னு கேட்டான். ஆள் அடையாளம் தெரியாமப் போச்சுன்னா திருப்பிச் சொல்றதுல என்ன சுவாரஸ்யம். நம்ம ஊருக்கு கொண்டு வரணும்னா முழுசா கொண்டு வாங்க, பாதி ஓக் மரம் பாதி பனமரம்னு நிக்க வேணாம். ஜெர்மன் காட்டுலயே இருக்கட்டும்னு விட்டாலும் தப்பே இல்ல, நம்ம பிள்ளைங்களுக்கு அது அழகா புரியும்.

இப்ப குட்டீஸ் வெர்ஷன். இதுல உயிரே அந்தக் கேள்வி பதில்தான், காது, கண்ணு, கை, வாய்னு ஒண்ணொண்ணா ஏறிகிட்டே போகும். இத எழுத்துத் தமிழ்ல போட்டா செத்துரும். "ஓ பாட்டி, உங்களுக்கு எவ்வளவு பெரிய காதுகள்!"னு எந்தப் பேத்தி கேப்பா? நான் இப்படி வச்சேன்:

"பாட்டி, உன் காது ஏன் இம்புட்டு பெருசா இருக்கு?"
"நீ பேசுறது நல்லா கேக்கத்தான்டி கண்ணு."
"உன் கண்ணு ஏன் இம்புட்டு பெருசா இருக்கு?"
"உன்ன நல்லா பாக்கத்தான்டி கண்ணு."

அந்த "டி கண்ணு"வ மாத்தாம ஒவ்வொரு தடவையும் போடுங்க, மூணாவது பதில்லயே பிள்ளைங்க சேந்து சொல்ல ஆரம்பிச்சிரும். கடைசி பதில்ல மட்டும் "கண்ணு"வ எடுத்துருங்க. "உன்ன திங்கத்தான்டி." அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தை காணாமப் போனதே பயத்த கொண்டு வந்துரும், ரத்தம் கித்தம் எதுவும் வேணாம்.

பயத்த எடுக்காதீங்க, ஆனா நீட்டாதீங்க. முழுங்குச்சா, ஒரே வாய், முடிஞ்சுது, அடுத்த வரில குறட்டை. கிரிம் கதைல குறட்டைச் சத்தம் கேட்டுத்தான் வேட்டைக்காரனே உள்ள வர்றான், சுடப் போனவன் பாட்டி உள்ள இருந்தா என்ன பண்றதுன்னு துப்பாக்கிய வச்சுட்டு கத்தரிக்கோல் எடுக்குறான். இந்த இடத்துல பிள்ளைங்களுக்கு வர்ற நிம்மதி இருக்கே, அது முழுங்குனாத்தான் வரும். நீதி சொல்ற ஆசை வந்தா அடக்கிக்கோங்க. கதை கேட்டு முடிச்ச பிள்ளைகிட்ட "இதுல இருந்து என்ன தெரிஞ்சுகிட்ட"ன்னு கேக்குறது ஐஸ்கிரீம் குடுத்துட்டு கணக்கு கேக்குற மாதிரி.

பெரியவங்க வெர்ஷன் வேற மாதிரி. நிறைய பேரு செக்ஸும் ரத்தமும் சேத்தா பெரியவங்க கதை ஆயிரும்னு நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஒண்ணு எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பி திரும்பி வந்துச்சு, இப்ப படிச்சா அனுப்புனதுக்கே வெக்கமா இருக்கு. பழைய வாய்வழிக் கதைலயே பாட்டியோட கறிய பேத்தி தெரியாம திங்குற இடம் இருக்கு, அத விட அதிர்ச்சியா நீங்களும் நானும் எழுதிட முடியாது. அதனால அந்தப் போட்டியே வேணாம். கதை பதில் சொல்லாம விட்ட கேள்விய தேடுங்க. பாட்டி ஊர விட்டு அரை மணி நேர தூரத்துல காட்டுக்குள்ள தனியா ஏன் இருக்கா? உடம்பு முடியாத கிழவிக்கு கேக்கும் வைனும் குடுத்தனுப்புற அம்மா, தானே ஏன் போகல? அம்மாவுக்கும் பாட்டிக்கும் பேச்சுவார்த்தை இருக்கா? இந்த மூணாவது கேள்வி ஒண்ணுலயே ஒரு முழு சிறுகதை இருக்கு, நம்ம வீடுகள பாத்தவங்களுக்கு சொல்லணுமா என்ன.

இன்னொரு வழி, மூலத்துலயே எல்லாரும் தாண்டிப் போற ஒரு வரிய புடிக்கிறது. கிரிம்ல வயித்துல இருந்து வெளிய வந்ததும் அந்தப் பொண்ணு, எப்படி பயந்து போயிட்டேன், ஓநாய் வயித்துக்குள்ள எவ்ளோ இருட்டா இருந்துச்சுங்குற மாதிரி சொல்லுவா. நான் அந்த இருட்டுல இருந்தே ஆரம்பிச்சேன். உள்ள ஏற்கனவே பாட்டி இருக்கா, ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்து பேசுறாங்க, அவ்ளோதான் கதை. வேட்டைக்காரன் கடைசி பத்தில கூட முகம் காட்டல, கத்தரிக்கோல் சத்தம் மட்டும் வச்சேன். எனக்கு உருப்படியா வந்த ஒரே கதை அதுதான். இன்னொண்ணு, ஓநாய் வயித்துல ரொப்ப பெரிய பெரிய கல்ல ஓடிப் போய் எடுத்துட்டு வர்றது வேட்டைக்காரன் இல்ல, அந்தப் பொண்ணுதான். அவ கல்லு பொறுக்குற அந்த ரெண்டு நிமிஷத்த யாராச்சும் எழுதுங்கப்பா.

எழுதுனத கண்டிப்பா வாய்விட்டுப் படிங்க, ரெண்டு வெர்ஷனையும்தான். மூச்சு முட்டுற இடத்துல வாக்கியத்த உடைங்க, நாக்கு தடுக்குற வார்த்தைய தூக்குங்க. குட்டீஸ் கதைய நிஜமா ஒரு பிள்ளைகிட்ட சொல்லிப் பாக்காம முடிச்சுட்டேன்னு நினைக்காதீங்க, எந்த இடத்துல அது கால ஆட்டிட்டு ஃபேன பாக்குதோ அந்த இடம் வேஸ்ட்.

மறுநாளும் அதே கதை கேட்டா என்ன பண்றதுன்னு கவலப்படாதீங்க, கிரிம் புத்தகத்துலயே ரெண்டாவது முடிவு ஒண்ணு இருக்கு, பாதி பேருக்குத் தெரியாது. இன்னொரு ஓநாய் வருது, இந்தத் தடவ பாட்டியும் பேத்தியும் கதவத் திறக்கல. அது கூரை மேல ஏறி காத்திருக்கு. பாட்டி, சாசேஜ் வேகவச்ச தண்ணிய வாசல்ல இருக்க பெரிய கல்தொட்டில ஊத்தச் சொல்றா. வாசம் புடிச்சு புடிச்சு கழுத்த நீட்டி, வழுக்கி நேரா தொட்டில விழுந்து முங்கிச் செத்துப் போகுது. அக்கா பொண்ணு இப்ப இத மட்டும்தான் கேக்குறா, ஓநாய் மூக்க உறிஞ்சுற சத்தம் நான்தான் போடணும், தொட்டில விழுற "தொபுக்கடீர்" அவளோடது.