மலைப் பயணத்தில் எங்கள் நேரக் கணக்கைச் சரிசெய்த விதம்

மலையில் நானும் என் மனைவியும் நடந்த முதல் நாளே இருட்டிவிட்டது. தூரம் 12 கி.மீ. தானே, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டு மாலையில் ஏரியைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஏற்றத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவள் பின்தங்கினாள், நான் முன்னால் போய்க் காத்திருந்தேன். அவள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பினேன். எனக்கு ஓய்வு கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

அன்று இரவு வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதையில் 900 மீட்டர் ஏற்றம். அப்படியென்றால் நடைக்கு மட்டுமே நான்கு மணி நேரம்! ஓய்வும் படம் எடுப்பதும் அதில் சேராது.

மறுநாள் முதல் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் எங்கள் வேகம். விடியற்காலையில் கிளம்பினோம், திரும்ப வேண்டிய நேரத்தை முன்பே முடிவு செய்தோம். அப்புறம், சுற்றிப்பார்க்கும் இடங்களை நடக்காத நாளுக்குத் தள்ளிவிட்டோம். அந்த ஏரியை மூன்றாம் நாள் காலையில் அவசரமில்லாமல் பார்த்தோம்.