பால்கனித் தொட்டியில் வெந்தயக்கீரை

மளிகைக் கடையில் வாங்கிய வெந்தயமே விதையாகப் போதும் என்பதால், இடமும் பணமும் குறைவாக உள்ள வீட்டில் முதலில் வளர்க்க வேண்டியது வெந்தயக்கீரைதான் என்பேன். ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து 1 நாள் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்.

4 அங்குல ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துளையிட்டு, செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புங்கள். முளைகளை நெருக்கமாகப் பரப்பி, அவை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவி, கையால் தெளித்தே நீர் விட வேண்டும். குவளையால் ஊற்றினால் விதைகள் எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கிவிடும். தினமும் 4 மணி நேர வெயிலாவது கிடைக்கட்டும். நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிச் செடி சாய்ந்துவிடும் என்பதால், மேல்மண் காய்ந்த பிறகே மறுபடி தெளியுங்கள்.

3, 4 வாரங்களில் கீரை ஏறத்தாழ ஒரு சாண் வளர்ந்ததும், வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு விரற்கடை விட்டுக் கத்தரித்தால் மீண்டும் ஓரளவு துளிர்க்கும். கசப்பை விரும்பாத குழந்தைகளுக்கு, கீரையை எண்ணெயில் சுருள வதக்கிய பின் வெந்த பாசிப்பருப்பில் சேர்த்துக் கூட்டாகச் செய்து கொடுங்கள்.