லாரி நிற்கிறது, ஸ்கேன் ஓடுகிறது

போடியில் ஏலக்காய் வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்பும் கடைகளில், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி ஆவணம்) இல்லாமல் லாரி நகராது. அந்த நேரம் பார்த்துக் கணினி திணறும். உடனே ஆன்டிவைரஸை அணைத்துவிடுகிறார்கள். பணப் பரிமாற்றம் நடக்கும் கணினியில் இதைவிட மோசமான வைத்தியம் கிடையாது.

கோப்பைத் திறக்கும்போது மட்டும் சோதிக்கும் நிகழ்நேரப் பாதுகாப்பு பொதுவாகப் பெரிய சுமை இல்லை. இழுத்துப் பிடிப்பது வட்டு முழுவதையும் படிக்கும் முழு ஸ்கேன்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்க, 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' மேலே இருந்தால், அது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஸ்கேன் செய்கிறது என்று பொருள்.

இரவு இரண்டு மணிக்கு ஸ்கேன் நேரம் குறித்துவிட்டு, மாலை ஏழுக்கே மின் இணைப்பைத் துண்டித்துப் போவது இன்னொரு வழக்கம். தவறிய ஸ்கேனை அடுத்த முறை கணினி உயிர்பெற்றதும் தொடங்கும்படி பல மென்பொருள்களில் அமைப்பு இருக்கிறது. கடை திறந்ததும் அது ஓடுவதில் வியப்பென்ன? மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள். டிஃபெண்டரில் திட்டமிட்ட ஸ்கேன் கணினியின் செயலியில் (சிபியு) எடுக்கும் சராசரிப் பங்குக்கு இயல்பாக உள்ள வரம்பு 50 சதவீதம். பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவி) தெரிந்தவரைக் கொண்டு அதைக் குறைக்கவும் முடியும்.

காசு கொடுத்து ஒன்று, இலவசமாக ஒன்று என இரண்டு ஆன்டிவைரஸ் வைப்பவர்கள் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நம்புகிறார்கள். ஒவ்வொரு கோப்பும் இருமுறை சோதனைக்குள்ளாகும், அவ்வளவுதான். ஒன்று பிடித்து அடைத்து வைத்த வைரஸை மற்றொன்று புதிதாகக் கண்டுபிடித்து அலறுவதும் உண்டு. வெளி மென்பொருள் ஒன்று வந்தால் டிஃபெண்டர் வழக்கமாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும்; ஆகவே அதற்கு மேல் இன்னொன்று வேண்டாம்.

ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் விலக்குப் பட்டியலில்தான் ஆபத்து அதிகம். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை மட்டும், அதுவும் அந்த மென்பொருள்காரர்கள் சொன்னால், சேர்க்கலாம். 'டி' டிரைவ் முழுவதையும் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஆடிட்டரிடம் போய்வரும் பென்டிரைவும் ஒருபோதும் அந்தப் பட்டியலில் வரக்கூடாது.

வேகம் கூட்டுவதாகச் சொல்லும் 'பூஸ்டர்' மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். இவ்வளவு செய்தும் கணினி தவழ்ந்தால், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டைப் போடச் சொல்லுங்கள். தரவை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு.