"ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள்

கோலாலம்பூரில் நரம்பியல் வார்டில் இருபது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். புதிதாக வரும் பயிற்சித் தாதிகளைப் பார்த்தால் என் பழைய முகம்தான் தெரிகிறது. கை கழுவ மறப்பது, காய்ச்சல் அட்டையில் நேரம் போட மறப்பது எல்லாம் இரண்டு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அதை விடுங்கள். நான் சொல்ல வருவது மூளையழற்சி நோயாளிகளிடம் செய்யும் தவறுகள். மூளையழற்சி என்றால் மூளையே வீங்கிப் புண்ணாகும் நோய், மூளைக்காய்ச்சல் என்றும் சொல்வார்கள்.

காய்ச்சல்காரர் பிதற்றினால் அவர் குணமே அப்படி என்று நினைப்பது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். செந்தூலிலிருந்து ஓர் அம்மா, மூன்று நாள் காய்ச்சலோடு வந்தார். "யாரோ ரப்பர் எரிக்கிறாங்க, ஜன்னலைச் சாத்து" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வார்டில் டெட்டால் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை. மாத்திரையைத் துப்பினார், மகளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். "எங்கம்மா இப்படிப் பேசுறவங்களே இல்ல, மிஸ்ஸி" என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னாள். நான் குறிப்பேட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். விடிகாலையில் வலிப்பு.

ஹெர்பீஸ் மூளையழற்சி. உதட்டோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ்தான். மூளைக்குள் போனால் பெரும்பாலும் பொட்டுப் பக்கத்துப் பகுதியைப் பிடித்து, அங்குள்ள நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, அழிக்கும். ஞாபகம், சுபாவம், பேச்சு, வாசனை எல்லாவற்றுக்கும் அந்த இடத்தோடு சம்பந்தம் உண்டு. இல்லாத ரப்பர் நாற்றமும் வாயில் வந்த வசவும் நோயின் அறிகுறிகள். மகள் அதைத்தான் சொன்னாள், ஸ்கேன் எடுக்கும் முன்பே.

மருந்தில்லாமல் விட்டால் இந்த நோயில் 10 பேரில் 7 பேர் இறந்துபோவார்கள். அதனால் சந்தேகம் வந்ததுமே அந்த வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நரம்பில் ஏற்றத் தொடங்குவார்கள். முதுகிலிருந்து எடுத்த நீரின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. அந்த நீரில் வைரஸைத் தேடும் பிசிஆர் சோதனை, முதல் இரண்டு மூன்று நாளில் நெகட்டிவ் என்றுகூட வரும். அந்த அம்மா பிழைத்தார். ஆனால் மகள் ஊட்டிய கஞ்சியைப் பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு, "பசிக்குது" என்பார்.

போன மாதம் ஒரு பயிற்சித் தாதி அதே வார்த்தையை எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் அவள்மேல். என்ன பேசினார், எத்தனை மணிக்கு, இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். எழுதிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அசைக்ளோவிரை அவசரமாக ஏற்றுவது

ஒவ்வொரு டோஸும் ஏறி முடிய ஒரு மணி நேரம் ஆகவேண்டும். சிறுநீரகம் தாங்காது.

கழுத்து விறைக்கவில்லை என்று நிம்மதியடைவது

வேண்டாம். கழுத்து விறைக்காமலும் மூளையழற்சி வரும்.

முதலில் வைத்த பெயரிலேயே நிற்பது

1998-இல் ஈப்போ பக்கம் மூளைக்காய்ச்சல் தொடங்கியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அந்த நோய் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆனது. மூளையின் சிறு ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கி அடைத்து, நியூரான்களுக்குள்ளும் நுழையும் வைரஸ் அது. நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105 பேர்.

குணமாகி வீட்டுக்குப் போன சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் மூளையழற்சி திரும்பியிருக்கிறது. அதனால்தான் "முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க, மாமா?" என்று கேட்காமல் நான் யாரையும் கட்டிலில் சேர்ப்பதில்லை.