குரல் பதிவில் கம்ப்ரஸர் சொதப்பினால் எங்கே பார்க்க வேண்டும்?

உரத்த இடங்களைத் தானாகத் தணித்துக் குரலைச் சீராக்குவதுதான் கம்ப்ரஸரின் வேலை. ஆனால் அதைப் போட்டதும் குரல் நசுங்கிப்போகிறது, இல்லையென்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் இரைச்சல் ஏறி இறங்குகிறது, இல்லையென்றால் ஒன்றுமே மாறவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பதிவின் மட்டத்தைப் பார்க்காமல் த்ரெஷோல்ட் (எந்த மட்டத்துக்கு மேல் அமுக்க வேண்டும் என்ற எல்லை) வைத்திருப்பார்கள். அடுத்தவர் கொடுத்த ப்ரீசெட் (தயார் அமைப்பு) ஒத்துவராததும் இதனால்தான். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் மேல் வரம்பு, மற்றதெல்லாம் அதற்குக் கீழே மைனஸில். உச்சம் -6 டெசிபல் வரை போகும் பதிவில் -18 த்ரெஷோல்ட் ஒழுங்காக வேலை செய்யும். உச்சமே -20தான் என்றால் அந்தக் கம்ப்ரஸர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதனால் முதல் வேலை மீட்டரைப் பார்ப்பது. சாதாரணப் பேச்சின் உச்சம், குரல் உயரும் இடத்தின் உச்சம், யாரும் பேசாத இடத்தின் மட்டம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சத்துக்குச் சற்றுக் கீழே த்ரெஷோல்டை வைத்து, ரேஷியோ 3:1இல் (எல்லையை மீறும் 3 டெசிபல் 1ஆகச் சுருங்கும்) தொடங்குங்கள். உரத்த சொற்களில் கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் (எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுவது) 3 முதல் 6 டெசிபல் வரை இறங்கினால் போதும். பேச்சு நிற்கும் இடத்தில் அது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவே இல்லையென்றால் த்ரெஷோல்ட் மிகக் கீழே இருக்கிறது அல்லது ரிலீஸ் (அமுக்கிய பிடியை விட எடுக்கும் நேரம்) மிக நீளம்.

இரைச்சல் ஏன் ஏறுகிறது

த்ரெஷோல்ட் -20, ரேஷியோ 3:1, ஒரு சொல் -8ஐத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 டெசிபல் மீறல் 4ஆகச் சுருங்கி -16இல் நிற்கும். அதாவது 8 டெசிபல் குறைந்திருக்கிறது. அதை ஈடுகட்ட மேக்கப் கெயினில் (அமுக்கிய பின் மொத்த ஒலியையும் ஏற்றும் அளவு) 8 ஏற்றினால், -58இல் அடங்கிக் கிடந்த அறை இரைச்சலும் -50க்கு வந்துவிடும். பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த 8 டெசிபலில் கீழ்வீட்டு மோட்டார், தெருவில் நிற்கும் தண்ணீர் டேங்கர், தலைக்கு மேல் ஃபேன் எல்லாம் சேர்ந்து வரும். பெங்களூரில் வருஷத்தில் பல மாதம் ஃபேன் இல்லாமல் அரை மணி நேரம் உட்காரலாம். அதை அணைக்காமல் நாய்ஸ் ரிடக்‌ஷனை நம்புவது வீண் வேலை.

நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டியே இருந்தால் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். ஒரே சீராக இருக்கும் இரைச்சலை மாதிரி எடுத்துத்தான் அது கழிக்கிறது. கம்ப்ரஸர் போன பிறகு இரைச்சல் இடத்துக்கு இடம் மாறியிருக்கும்; எந்த மாதிரியும் முழுதாகப் பொருந்தாது.

அதற்கும் முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது அடிமட்ட ஒலிகளை வெட்டும் வடிகட்டி. ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டலாம். பேருந்து உறுமலும் ‘ப’ வெடிப்பின் காற்றும் காதுக்குச் சரியாகக் கேட்காவிட்டாலும் கம்ப்ரஸருக்குக் கேட்கும். காரணமே இல்லாமல் ஒரு சொல் அமுங்கினால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும். ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் ரியாகாம்ப் கம்ப்ரஸரில், மட்டத்தை அளக்கும் டிடெக்டருக்கு மட்டும் தனியாக ஹை-பாஸ் வைக்க வசதி இருக்கிறது.

அட்டாக்கும் ரிலீஸும்

தமிழ்ப் பேச்சில் கவனிக்க வேண்டியது இரட்டிக்கும் வல்லினம். ‘பட்டம்’, ‘பக்கம்’ என்று சொல்லும்போது நடுவில் மூச்சு அடைபட்டு ஒரு நொடித்துணுக்கு மௌனம் வருகிறது, பிறகுதான் வெடிப்பு. ரிலீஸ் 20, 30 மில்லி செகண்ட் என்று மிகக் குறைவாக இருந்தால், அந்த மௌனத்துக்குள் கம்ப்ரஸர் பிடியை விட்டுவிடும். அடுத்து வரும் வெடிப்பு பிடிபடாமல் ‘டக்’கென்று குத்தும். ரிலீஸை 150 மில்லி செகண்ட் பக்கம் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள்.

மறுபக்கம், ரிலீஸ் ஒரு செகண்டைத் தாண்டினால் வாக்கியத்தின் வால் போய்விடும். நம் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது, குரலும் அங்கேதான் தாழ்கிறது. முன்னால் வந்த உரத்த சொல்லால் அமுங்கிய கெயின் மீள்வதற்குள் ‘இல்லை’யா ‘இருக்கு’வா என்றே தெரியாமல் வாக்கியம் முடிந்திருக்கும். அட்டாக் (அமுக்கிப் பிடிக்க எடுக்கும் நேரம்) 5 முதல் 15 மில்லி செகண்ட் வரை போதும். 1க்குக் கீழே போனால் மெய்யெழுத்துகள் மழுங்கும்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024இல் வந்த 3.6 பதிப்பில் கம்ப்ரஸரையே மாற்றிவிட்டார்கள். பழையதில் அட்டாக், ரிலீஸ் இரண்டும் செகண்ட் கணக்கு, அட்டாக்கை 0.1 செகண்டுக்குக் கீழே இறக்கவும் முடியாது. புதியதில் மில்லி செகண்ட். பழைய குறிப்பைப் பார்த்து அட்டாக் 0.2 என்று புதியதில் போட்டால், நீங்கள் நினைத்ததைவிட ஆயிரம் மடங்கு வேகத்தில் கடிக்கும். பழைய பதிப்பில் கம்ப்ரஸ் செய்த பின் 0 டெசிபலுக்கு ஏற்றும் தேர்வு தானாகவே டிக் ஆகியிருக்கும்; இரைச்சல் புகார்கள் பலவற்றுக்கு அதுவே காரணம். அதை எடுத்துவிடுங்கள்.

கம்ப்ரஸர் மேல் பழி போட முடியாதவை

மூலக் கோப்பையே ஹெட்ஃபோனில் கேளுங்கள். எதுவும் போடாமலே மௌனத்தில் இரைச்சல் மெல்ல எழுந்து, பேச ஆரம்பித்ததும் அமுங்குகிறதா? பதிவின்போதே கணினியோ ஜூமோ மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைத்திருக்கிறது. ஜூமில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் தேர்வையும், விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டையும் அணைத்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்வதே வழி. அலைவடிவத்தின் உச்சி கத்தரித்ததுபோல் தட்டையாக இருந்தாலும் அப்படித்தான். உடைந்த ஒலியை எந்தக் கம்ப்ரஸரும் ஒட்டாது. பேசும்போது உச்சம் -12க்கும் -6க்கும் இடையில் விழும்படி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

இரண்டு பேர் உரையாடல் ஒரே ட்ராக்கில் இருந்தால் உரக்கப் பேசுபவர் மற்றவரையும் சேர்த்து அமுக்குவார். ஆளுக்கொரு ட்ராக் கிடைக்காவிட்டால், மெல்லப் பேசுபவரின் துண்டுகளைக் கையாலேயே 4, 5 டெசிபல் ஏற்றிவிட்டுக் கம்ப்ரஸருக்குப் போங்கள். ‘ஸ’, ‘ஷ’ சீறினால் அதன் பிறகு ஒரு டீ-எஸ்ஸர் (சீறலை மட்டும் தணிப்பது), 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம்.

நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்யும் முன் மேக்கப் கெயினைச் சரிசெய்து, எஃபெக்ட் போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி வையுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாகத்தான் தோன்றும். உரப்பைக் கடைசியில் லவுட்னஸ் நார்மலைஸில் வைத்துக்கொள்ளலாம்: ஆப்பிள் பாட்காஸ்ட் சொல்வது -16 எல்.யூ.எஃப்.எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) சுற்றி, உச்சம் -1ஐத் தாண்டாமல். ஒலிப்புத்தகத்துக்கு ஏ.சி.எக்ஸ் (ஆடிபிளின் ஒலிப்புத்தகத் தளம்) கேட்பது ஆர்.எம்.எஸ் (சராசரி மட்டம்) -23க்கும் -18க்கும் இடையில், உச்சம் -3க்குக் கீழே, அறை இரைச்சல் -60க்குக் கீழே.