கீபோர்டில் பாட்டைப் பதிவு செய்யும்போது

கிறிஸ்துமஸ் நெருங்கினால் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் பாடகர் குழுக்களில் கீபோர்டு ஓய்வதில்லை. வாசித்ததை வாட்ஸ்அப்பில் அனுப்ப போனை ஸ்பீக்கர் அருகே வைத்துப் பதிவு செய்தால் ஃபேன் சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்தே வரும். ஆடியோ ரெக்கார்டிங் உள்ள கீபோர்டு என்றால் அது தேவையே இல்லை.

பல மாடல்களில் இரண்டு வகைப் பதிவு உண்டு. மிடி பதிவு எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். டெம்போவையும் (வேகம்) வாய்ஸையும் (பியானோ, வயலின் போன்ற கருவி ஒலி) பிறகு மாற்றலாம். ஆனால் போனில் போட்டால் அதே ஒலி வராது. அனுப்புவதற்கு ஆடியோ பதிவுதான் சரி. அதில் பின்னால் திருத்துவது கடினம். அதனால் வாய்ஸ், ஸ்டைல் (தானாக ஒலிக்கும் பின்னணி இசை), டெம்போ, டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) எல்லாவற்றையும் முதலில் அமைத்துவிட்டு, பாட்டின் உரத்த பகுதியை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். கரகரத்தால் ஒலியளவைக் குறையுங்கள்.

பென்டிரைவில் சேமிக்கும் வேவ் (ஆடியோ) கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் ஸ்டீரியோ என்றால், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். பென்டிரைவை அந்தக் கீபோர்டிலேயே ஃபார்மட் செய்வது நல்லது. உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முன்பே நகலெடுங்கள். அப்புறம், பதிவு சேமிக்கப்படும் முன் பென்டிரைவைப் பிடுங்காதீர்கள். மழைக்காலத்தில் நம்மூர் கரண்டை நம்ப முடியாது, யுபிஎஸ் இருந்தால் அதில் இணையுங்கள்.